டிடி-214 விடுவிப்புச் சான்றைத் திருத்தித் தருகிறோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

அமெரிக்க ராணுவ ரிசர்வில் இருக்கும் நம் ஆட்களுக்காக, முக்கியமாக மாவ்னி (தேவையான மொழி தெரிந்த வெளிநாட்டினரைச் சேர்த்துக்கொண்ட திட்டம்) வழியாகச் சேர்ந்த தம்பி தங்கைகளுக்காக இதை எழுதுகிறேன். போன வாரம் ஒரு தம்பி ஒரு விளம்பரத்தை அனுப்பி, "அண்ணா, இவங்ககிட்ட கட்டலாமா?" என்று கேட்டான். உங்கள் சேவைப் பதிவில் பிழையா, விட்டுப்போன டிப்ளாய்மென்ட் (வெளிநாட்டுக்கு அனுப்பப்பட்ட பணி) சம்பளத்தை 60 நாளில் வாங்கித் தருகிறோம் என்று இருந்தது. 2019ல் நான் படித்ததும் கிட்டத்தட்ட இதே வாசகம்தான், நிறுவனத்தின் பெயர் மட்டும் வேறு. கட்டாதே என்று அப்போதே போன் போட்டுச் சொல்லிவிட்டேன். அவனுக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

நான் 2013ல் சேர்ந்தேன். மாவ்னி திட்டத்தின் மொழிப் பட்டியலில் தமிழும் இருந்ததால்தான் கிரீன் கார்டு இல்லாமலேயே சேர முடிந்தது. 2017ல் ஆள் குறைவாக இருந்த வேறொரு யூனிட்டோடு சேர்த்து என்னை ஆப்கானிஸ்தானுக்கு அனுப்பினார்கள். நவம்பர் 3ஆம் தேதி பக்ராமில் இறங்கினேன். மார்ச் கடைசியில் அந்த யூனிட் ஊர் திரும்பியது. என்னையும் இன்னும் மூன்று பேரையும் வேறு ஒரு குழுவுக்கு மாற்றினார்கள். ஜூலை 31 வரை நாங்கள் அங்கேயே இருந்தோம்.

பிழை அங்கேதான் நடந்தது. யூனிட் முழுவதற்கும் திரும்பிய தேதியைப் பதிந்த கிளார்க், பட்டியலில் எங்கள் பெயரை நீக்கவில்லை. சம்பளக் கணக்கைப் பொறுத்தவரை மார்ச் 31ஆம் தேதியே நான் வீட்டுக்கு வந்துவிட்டேன். ஏப்ரல் மாத எல்இஎஸ்ஸில், அதாவது சம்பளச் சீட்டில், அபாயப் படி இல்லை, கடினப் பணிப் படி இல்லை, குடும்பப் பிரிவுப் படியும் இல்லை. அன்றைய கணக்கில் அவை மாதம் 225, 100, 250 டாலர். நான்கு மாதத்துக்கு 2,300 டாலர். அதோடு, போர்ப் பகுதியில் இருப்பவரின் சம்பளத்துக்குக் கூட்டாட்சி வருமான வரி கிடையாது. எனக்கு அந்த நான்கு மாதமும் பிடித்திருந்தார்கள். அது தனியாக ஆயிரம் டாலருக்குக் கொஞ்சம் மேல்.

அங்கிருந்தே கேட்டேன். "ஊருக்குப் போனதும் சரி பண்ணிடலாம்" என்றார்கள். நான் நம்பினேன். பக்ராமில் இருந்தபோதே ஒரு சம்பள விசாரணைப் படிவம் கொடுத்து, அதில் கையெழுத்து வாங்கி, ஒரு நகலைப் பையில் போட்டிருந்தால் பிறகு நடந்ததில் பாதி நடந்திருக்காது.

ஊருக்கு வந்து விடுவிப்புச் சான்று, அதாவது டிடி-214, கைக்குக் கிடைத்தது. எல்லாரும் வரிசையில் நின்று அவசரமாகக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தோம். வீட்டுக்குப் போகும் அவசரம். 18ஆம் கட்டத்தில், குறிப்புகள் என்ற இடத்தில், பொடி எழுத்தில் ஆப்கானிஸ்தான் சேவை 20171103 முதல் 20180331 வரை என்று இருந்தது. ஆண்டு, மாதம், நாள் எல்லாம் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொண்டு நிற்கும். 07 இருக்க வேண்டிய இடத்தில் 03. என் கண்ணில் படவே இல்லை, நானும் கையெழுத்துப் போட்டேன். சம்பளப் பிழை இப்படித்தான் சேவைப் பதிவிலும் ஏறியது. அதன்பிறகு யாரிடம் போனாலும், "உங்க டிடி-214லயே மார்ச்னுதானே இருக்கு" என்ற ஒரே பதில்தான்.

ஆறேழு மாதம் யூனிட் அலுவலகத்துக்கு அலைந்தேன். மாதத்துக்கு ஒரு வார இறுதிதான் டிரில், அதாவது பயிற்சி. ஒவ்வொரு முறையும் வேறு ஒருவர் அந்த நாற்காலியில் இருப்பார், முதலிலிருந்து சொல்ல வேண்டும். நான் இருந்த யூனிட் ஒன்று, போன யூனிட் ஒன்று, கடைசியில் வேலை பார்த்த குழு மூன்றாவது. இது எங்கள் கோப்பு இல்லை என்று மூன்று பேரும் சொன்னார்கள். எனக்கு மட்டும்தான் இப்படியா என்று தேடியபோது அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பான ஜிஏஓவின் 2004ஆம் ஆண்டு அறிக்கை கிடைத்தது. பணிக்கு அழைக்கப்பட்ட ராணுவ ரிசர்வ் வீரர்கள் 348 பேரின் சம்பளத்தைச் சோதித்ததில் 332 பேருக்கு ஏதோ ஒரு பிழை இருந்திருக்கிறது. அதைப் படித்தபோது ஆறுதலாக இருந்தது. ஆறுதல் கிடைத்ததே தவிர பணம் வரவில்லை.

அந்தக் களைப்பில் இருந்தபோதுதான் அந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

போனில் பேசியவர் தானும் முன்னாள் ராணுவத்தினர் என்றார். பேச்சில் பழக்கமான சொற்கள் எல்லாம் வந்தன. நான் சொன்னதைப் பொறுமையாக, இடைமறிக்காமல் இருபது நிமிடம் கேட்டார். ஆறு மாதமாக யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதில்தான் விழுந்தேன் என்று நினைக்கிறேன். முன்பணம் 895 டாலர், பணம் வந்தபிறகு அதில் 30 சதவீதம். ராணுவப் பதிவுகளைத் திருத்தும் வாரியத்துக்கு விண்ணப்பிக்க மூன்று ஆண்டுதான் கெடு, இன்றே கையெழுத்துப் போடாவிட்டால் எல்லாம் போய்விடும் என்றார். என் மனைவி பக்கத்திலிருந்து, "என்னங்க, வேலை முடியறதுக்கு முன்னாடியே காசு கேக்குறாங்க. ஒரு நாள் யோசிச்சுட்டுப் போடுங்களேன்" என்றாள். நான் கேட்கவில்லை. பவர் ஆஃப் அட்டர்னியில் கையெழுத்துப் போட்டேன். என்னோடு ஜூலை வரை இருந்த சார்ஜென்ட் எழுதிக் கொடுத்த உறுதிமொழி வாக்குமூலத்தின் அசலையும் தபாலில் அனுப்பினேன். சம்பளக் கணக்கைப் பார்க்கும் மைபே தளத்தின் கடவுச்சொல்லையும் கேட்டார்கள். அதை மட்டும் மனைவி கொடுக்கவிடவில்லை.

அவர் சொன்னதில் எதெல்லாம் பொய் என்று பிறகு ஒவ்வொன்றாகத் தெரிந்தது. பதிவுத் திருத்த வாரியத்துக்கு விண்ணப்பிக்கக் கட்டணமே கிடையாது. டிடி-149 என்ற படிவத்தை நாமே நிரப்பி அனுப்பலாம். மூன்று ஆண்டுக் கெடு உண்மைதான். ஆனால் அது பிழையைக் கண்டுபிடித்த நாளிலிருந்து கணக்கு. நியாயமான காரணம் இருந்தால் தாமதத்தை வாரியமே மன்னிக்கலாம் என்று சட்டத்திலேயே இருக்கிறது. 60 நாளில் முடியும் என்பது நடக்கவே நடக்காது. விண்ணப்பங்களில் 90 சதவீதத்தைப் பத்து மாதத்துக்குள் முடிக்க வேண்டும் என்பதுதான் வாரியத்துக்குச் சட்டம் வைத்திருக்கும் இலக்கே.

இதைவிடப் பெரிய தவறு ஒன்று உண்டு. தேதிப் பிழை போன்ற சாதாரணத் திருத்தத்துக்கு முதலில் போக வேண்டிய இடம் வாரியமே இல்லை. டிடி-214ஐத் திருத்த டிடி-215 என்று ஒரு தாள் இருக்கிறது. அதை நிர்வாக மட்டத்திலேயே வாங்கலாம். அந்த வழியைப் பார்த்துவிட்டு, முடியாது என்ற பதில் வந்த பிறகுதான் வாரியத்திடம் போக வேண்டும். அந்த நிறுவனம் என்ன செய்தது? ஒரு டிடி-149ஐ நிரப்பி, நான் கொடுத்த ஆதாரங்களில் ஒன்றைக்கூட இணைக்காமல், நேரே வாரியத்துக்கு அனுப்பிவிட்டது. 2020 பிப்ரவரியில் அது திரும்பி வந்தது. முந்தைய வழிகளை முயன்று பார்த்ததற்கான சான்று இல்லை என்று ஒரு பத்தி. ஒன்பது மாதம் வீண். அவர்களுக்குப் போன் செய்தேன், எடுக்கவில்லை. மின்னஞ்சலுக்கு, மேல்முறையீடு செய்ய இன்னும் 450 டாலர் ஆகும் என்று பதில் வந்தது. வாக்குமூலத்தின் அசலைத் திருப்பிக் கேட்டேன். இன்றுவரை வரவில்லை. அந்த சார்ஜென்ட் அதற்குள் பணியிலிருந்து விலகி வேறு மாநிலத்துக்குப் போயிருந்தார். அவரைத் தேடிப்பிடித்து மறுபடி எழுதி வாங்கவே மூன்று மாதம் ஆனது. 895 டாலரைக்கூட மறந்துவிடுவேன். அவர் முதல்முறை அந்த வாக்குமூலத்தைக் கைப்பட, இரண்டு பக்கம், ஒவ்வொரு நாளும் நாங்கள் எங்கே இருந்தோம் என்று எழுதியிருந்தார். அது போனது இன்னும் வலிக்கிறது.

அப்புறம் எப்படி நடந்தது என்று சொல்கிறேன்.

எங்கள் கவுண்டியில் முன்னாள் படைவீரர் சேவை அலுவலர் என்று ஒருவர் இருக்கிறார். பல கவுண்டிகளில் உண்டு, காசு கிடையாது. அமெரிக்கன் லீஜியன், டிஏவி போன்ற முன்னாள் படைவீரர் சங்கங்களிலும் காசு வாங்காமல் உதவுவார்கள். அந்த அம்மா முதலில் சொன்னது, பவரை எழுத்தில் ரத்து செய்து பதிவுத் தபாலில் அனுப்பு என்பதுதான். இரண்டாவதாக, "ஏப்ரலுக்கும் ஜூலைக்கும் நடுவில் அங்கே உன் பெயரும் தேதியும் சேர்ந்து ஏறிய தாள் எதெல்லாம் உண்டு?" என்று கேட்டார். நான் சாட்சிகளை மட்டுமே யோசித்துக்கொண்டிருந்தேன், தாள்களை யோசிக்கவில்லை. யோசித்துப் பார்த்தால் ஜூன் 12ஆம் தேதி பக்ராமில் எனக்கு ஒரு கடைவாய்ப் பல் பிடுங்கினார்கள். என் மருத்துவக் கோப்பைக் கேட்டு வாங்கியபோது அந்தப் பக்கம் இருந்தது. பல்லின் எண், மருத்துவரின் கையெழுத்து, இடம், தேதி எல்லாம் தெளிவாக. மார்ச்சில் வீட்டுக்குப் போன ஆளுக்கு ஜூனில் பக்ராமில் எப்படிப் பல் பிடுங்க முடியும்? அந்த ஒரு தாள், சாட்சிகள் எல்லாரையும்விட உரக்கப் பேசியது. அதோடு குழு மாற்ற உத்தரவு, திரும்பி வந்த பயணப் படிவம், ஏப்ரல் முதல் ஜூலை வரையான எல்இஎஸ் தாள்கள். மைபேயில் பழைய எல்இஎஸ் எப்போதும் கிடைத்துக்கொண்டே இருக்காது. அங்கே இருக்கும்போதே மாதாமாதம் இறக்கி வைத்திருந்தது என் அதிர்ஷ்டம்.

எல்லாவற்றையும் ஒரு பக்கக் கடிதத்தோடு கென்டக்கியில், போர்ட் நாக்ஸில் உள்ள ராணுவ மனிதவளக் கமாண்டுக்கு அனுப்பினேன். கடிதத்தில் கதை எழுதவில்லை. 18ஆம் கட்டம், இப்படி இருக்கிறது, இப்படி இருக்க வேண்டும், ஆதாரம் இணைப்பு ஒன்று முதல் ஆறு வரை. அவ்வளவுதான். கொரோனா காலம், பதிலே இல்லை. கடைசியில் எங்கள் தொகுதி காங்கிரஸ் உறுப்பினரின் உள்ளூர் அலுவலகத்துக்குப் போனேன். தகவலைப் பகிர அனுமதிக்கும் ஒரு படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு அவர்களே ராணுவத்துக்கு எழுதினார்கள். இதற்கும் காசு இல்லை, நீங்கள் அவருக்கு ஓட்டுப் போட்டீர்களா என்று யாரும் கேட்பதில்லை. 2021 அக்டோபரில் டிடி-215 வந்தது. 20180731.

பதிவு திருந்தியதும் சம்பளம் தானாக வந்துவிடாது, அதைத் தனியாகக் கேட்க வேண்டும். திருத்திய தாளோடு நிதிப் பிரிவுக்குப் பாக்கிச் சம்பளக் கோரிக்கை கொடுத்தேன். பாக்கி விழுந்த நாளிலிருந்து ஆறு ஆண்டுக்குள் இதைக் கேட்டுவிட வேண்டும். நான் மூன்றரை ஆண்டில் நின்றேன். 2022 ஜனவரியில் 2,300 டாலரும் வந்தது. வரிக்குத்தான் மூச்சு முட்டியது. கணக்குத் தாக்கல் செய்து மூன்று ஆண்டுக்குள் திருத்திய கணக்குக் கொடுத்தால்தான் வரியைத் திரும்பப் பெற முடியும். 2018ஆம் ஆண்டுக்குரியதை 2022 ஏப்ரல் 18க்குள் கொடுக்க வேண்டியிருந்தது. திருத்திய வருமானச் சான்றான டபிள்யூ-2சி மார்ச் கடைசியில்தான் கையில் கிடைத்தது. அன்று இரவே உட்கார்ந்து திருத்திய கணக்குக்கான 1040-எக்ஸ் படிவத்தை நிரப்பி மறுநாள் காலையில் அனுப்பினோம். அந்த நிறுவனம் வீணாக்கிய ஒன்பது மாதத்தில் இன்னும் மூன்று வாரம் கூடியிருந்தால் அந்தப் பணம் போயிருக்கும்.

டிடி-214ல் 12ஆம் கட்டத்தையும் பாருங்கள். பணியில் சேர்ந்த தேதியும் விடுவித்த தேதியும் அங்கே இருக்கும். 2008 ஜனவரி 28க்குப் பிந்தைய தகுதியான பணிக்காலத்தில், ஒவ்வொரு 90 நாளுக்கும் ரிசர்வ் ஓய்வூதிய வயது 60லிருந்து மூன்று மாதம் குறையும். அங்கே விடுபட்ட நாள்கள் உங்கள் முதுமையில் விடுபடும்.

பணம் வந்த இரண்டாவது மாதம் அந்த நிறுவனத்திடமிருந்து ஒரு பில் வந்தது. 690 டாலர், 2,300ல் 30 சதவீதம். பணம் வந்தது அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று இப்போதும் புரியவில்லை. ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தால் நான்காம் பக்கத்தில், யார் முயற்சியால் வந்தாலும் பங்கு உண்டு என்று இருந்தது. சேவை அலுவலர் அம்மா அதைப் படித்துவிட்டுத் தலையில் கை வைத்துக்கொண்டார். மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவில் புகார் கொடுக்கச் சொன்னார். ஒப்பந்தம், வாரியம் திருப்பி அனுப்பிய கடிதம், நான் பவரை ரத்து செய்த தபால் ரசீது மூன்றையும் வைத்துக் கொடுத்தேன். அதன்பிறகு பில் வரவில்லை. 895ம் திரும்பவில்லை.

அந்தத் தம்பியின் டிடி-214ஐ, சமூகப் பாதுகாப்பு எண்ணை மறைத்துப் படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருந்தேன். நேற்று அனுப்பினான். அவனுக்கும் 18ஆம் கட்டத்தில்தான் பிழை, இரண்டு மாதம் குறைகிறது. சனிக்கிழமை வீட்டுக்கு வருகிறான். அந்த இரண்டு மாதத்தில் அங்கே எதிலெல்லாம் கையெழுத்துப் போட்டான் என்று பட்டியல் எழுதிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.