வாஸ்ப்-12பியா, கெப்ளர்-1658பியா, வாஸ்ப்-18பியா? விழுந்துகொண்டிருக்கும் கோளைப் பின்தொடர எங்கள் தேர்வு

தர்மபுரியில் நண்பர்கள் சிலர் சேர்ந்து எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்றும் கருப்பு வெள்ளை கேமரா ஒன்றும் வாங்கி, வத்தல்மலைக்கு ஏறிப்போய் வானம் பார்த்து வருகிறோம். நிலா, சனி, நெபுலா எல்லாம் படமெடுத்து முடித்த பிறகு, பல வருடம் தொடர்ந்து அளக்கும்படியான வேலை ஒன்று வேண்டும் என்று தோன்றியது. நட்சத்திரத்தை ஒட்டிச் சுற்றி, ஓதவிசையால் மெல்ல அதற்குள்ளேயே இறங்கிக்கொண்டிருக்கும் ஒரு கோளைப் பின்தொடர்வது என்று முடிவானது. கடைசியில் தலைப்பில் உள்ள மூன்று பெயர்கள் நின்றன, மூன்றுமே வேறு நட்சத்திரங்களைச் சுற்றும் கோள்கள் (கடைசியில் வரும் 'பி' கோளைக் குறிக்கும், அது இல்லாவிட்டால் நட்சத்திரம்). நாங்கள் எடுத்தது வாஸ்ப்-12பி. இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

ஓதவிசை பற்றிச் சுருக்கமாக. கோளின் ஈர்ப்பால் நட்சத்திரம் லேசாகப் புடைக்கிறது. கோள் சுற்றிவரும் வேகத்துக்கு நட்சத்திரம் தன்னைத்தானே சுழல்வதில்லை என்றால், அந்தப் புடைப்பு பின்தங்கி நின்று கோளைப் பின்னுக்கு இழுக்கும். கோள் தன் கோண உந்தத்தை, அதாவது சுற்றும் இயக்கத்தின் அளவை, நட்சத்திரத்திடம் கொடுத்துவிட்டு நெருங்கி வரும். நெருங்க நெருங்க இழுப்பும் கூடும். நம் நிலாவுக்கு நடப்பது இதற்கு நேரெதிர்: பூமி வேகமாகச் சுழல்வதால் அது ஆண்டுக்கு 3.8 செ.மீ. விலகிப் போகிறது. செவ்வாயின் நிலாவான போபோஸோ இந்தக் கோள்களின் கட்சி, உள்ளே இறங்குகிறது.

கேட்டவுடன் ஆசையைக் கிளப்புவது கெப்ளர்-1658பி. 2022ல் வெளிவந்த அளவீட்டின்படி அதன் சுற்றுக்காலம் ஆண்டுக்கு 131 மில்லிநொடி குறைகிறது. வாஸ்ப்-12பிக்கு 29 மில்லிநொடிதான். ஆனால் நாங்கள் அளப்பது கோள் தன் நட்சத்திரத்தின் குறுக்கே போகும் நேரத்தை, அதாவது கடப்பை. சுற்றுக்காலம் மாறாதிருந்தால் வரவேண்டிய நேரத்தைவிட அது எவ்வளவு முந்துகிறது என்று காலப்போக்கில் சேரும் மொத்த வித்தியாசம்தான் எங்களுக்கு வேண்டும். கெப்ளர்-1658பி ஒரு சுற்றுக்கு 3.85 நாள் எடுக்கிறது, ஆண்டுக்கு 95 சுற்று. வாஸ்ப்-12பி 1.09 நாளில் சுற்றிவிடும், ஆண்டுக்கு 335 சுற்று. கூட்டிப் பார்த்தால் பத்தாண்டில் முன்னது ஏறக்குறைய 10 நிமிடம் முந்துகிறது, பின்னது 8 நிமிடம். நாலரை மடங்கு வேகம் என்பது இவ்வளவுதான் வருகிறது. அப்புறம், அந்த நட்சத்திரம் சூரியனைவிடக் கிட்டத்தட்ட மூன்று மடங்கு பெருத்தது. கோள் குறுக்கே போகும்போது ஒளி ஆயிரத்தில் ஒரு பங்கு சொச்சம்தான் குறையும். எங்கள் கேமராவில் அது தெரியவே தெரியாது. அது இருக்கும் சிக்னஸ் விண்மீன் மண்டலம் இரவில் உச்சிக்கு வரும் ஜூலை, ஆகஸ்டில் மலைமேல் மேகம் வேறு.

வாஸ்ப்-18பியை விட்டதில் எனக்கு வருத்தம் உண்டு. அறிவியலாகப் பார்த்தால் மூன்றில் அதுதான் புதிர். எடை வியாழனைப் போல் பத்து மடங்கு, சுற்றுக்காலம் ஒரு நாளுக்கும் குறைவு. வாஸ்ப்-12 நட்சத்திரம் எந்த அளவுக்கு ஓத ஆற்றலை உள்ளே உறிஞ்சுகிறதோ அதே அளவுக்கு இதுவும் உறிஞ்சினால், சுற்றுக்காலம் அதைவிடச் சுமார் நாலு மடங்கு வேகமாகக் குறைய வேண்டும். 2009ல் அறிவிக்கப்பட்டதிலிருந்து அளந்து வருகிறார்கள், அப்படி ஒரு குறைவு உறுதியாகத் தென்படவில்லை. ஆக, கோளின் ஆயுளைத் தீர்மானிப்பதில் தூரமும் எடையும் மட்டும் போதாது, நட்சத்திரத்தின் உட்புறமும் சேர்த்தி. வாஸ்ப்-12 முதுமையை நோக்கி நகர்ந்துவிட்ட நட்சத்திரமா, அதனால்தான் இவ்வளவு உறிஞ்சுகிறதா என்ற விவாதம் இன்னும் முடியவில்லை. எல்லாம் சரி, மாறாத ஒன்றை வருடக்கணக்கில் அளக்க எங்களுக்குப் பொறுமை இருக்குமா என்பது ஒரு பக்கம். தெற்கே வெகு தொலைவில் இருப்பதால் இங்கிருந்து 32 டிகிரிக்கு மேல் அது ஏறாது என்பது இன்னொரு பக்கம். அந்தத் திசையில்தான் சேலத்து வெளிச்சம்.

வாஸ்ப்-12பி இங்கிருந்து 70 டிகிரிக்கு மேல் ஏறுகிறது. நள்ளிரவில் உச்சிக்கு வருவது டிசம்பர் கடைசியில், வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து வானம் திறக்கும் சமயம். ஒளி நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு குறைகிறது, மூன்று மணி நேரக் கடப்பு. இன்னொரு வசதியை எங்கள் குழுவில் ஒருவர்தான் கண்டுபிடித்துச் சொன்னார்: 11 சுற்று என்பது 12 நாளும் சுமார் 8 நிமிடமும். எனவே ஒரு கடப்பு தோதான நேரத்தில் கிடைத்துவிட்டால், 12 நாள் கழித்து ஏறக்குறைய அதே நேரத்தில் அடுத்தது.

ஆனால் எங்கள் முடிவைத் தீர்மானித்தது கடிகாரம். நல்ல இரவில் கடப்பின் நடுக்கணத்தை ஒன்றிரண்டு நிமிடத் துல்லியத்தில் எங்களால் சொல்ல முடிகிறது. இந்தப் பிழையைவிடப் பெரிதாக வித்தியாசம் சேர்ந்திருந்தால்தான் எங்கள் உழைப்புக்கு அர்த்தம். வாஸ்ப்-12பிக்கு 2008 முதல் உலகெங்குமிருந்து அளவீடுகள் குவிந்திருக்கின்றன. எத்தனையாவது கடப்பு எப்போது வந்தது என்று வரைபடமாகப் போட்டு, 2008ஐயும் 2025ஐயும் நேர்கோட்டால் இணைத்தால், நடுவில் உள்ள ஆண்டுகளின் கடப்புகள் அந்தக் கோட்டிலிருந்து ஏறக்குறைய 6 நிமிடம் விலகி நிற்கும். அந்த வளைவுதான் கோள் இறங்குவதன் அடையாளம். மூன்றில் எங்கள் கருவிக்கு எட்டும் வளைவு இது ஒன்றுதான்.

இதில் நேரத்தை ஏனோதானோவென்று குறித்தால் எல்லாம் வீண். வாஸ்ப்-12 கிட்டத்தட்டப் பூமியின் சுற்றுத்தளத்திலேயே இருக்கிறது. டிசம்பர் கடைசியில் சூரியனுக்கு நேரெதிரே நிற்கும்போது அதன் ஒளி சூரியனைச் சேர்வதற்குச் சுமார் 8 நிமிடம் முன்பே நம்மிடம் வந்துவிடுகிறது. மார்ச் கடைசிக்குள் அந்த முன்னிலை முழுக்கக் கரைந்துவிடும். பத்தாண்டில் ஓதவிசை செய்யும் வேலை எவ்வளவோ, அதே அளவு பொய்யான வித்தியாசம் மூன்றே மாதத்தில்! அதனால் ஒவ்வொரு அளவீட்டையும் சூரியக் குடும்பத்தின் ஈர்ப்பு மையத்தை ஒளி சேரும் நேரமாக மாற்றியே ஆக வேண்டும். மடிக்கணினி நேரத்தை ஜிபிஎஸ்ஸோடு பொருத்த வேண்டும். கேமரா எழுதும் நேரம் படம் தொடங்கியதா முடிந்ததா என்று பார்த்து, நடுக்கணத்துக்குத் திருத்த வேண்டும்.  

சீக்கிரம் வருகிறது என்பதற்காக மட்டும் கோள் விழுகிறது என்று சொல்லிவிட முடியாது. வாஸ்ப்-4பி என்ற இன்னொரு கோளின் கடப்பு 80 நொடி முன்னதாக வந்ததை 2019ல் கண்டார்கள். மறு வருடமே, அந்த நட்சத்திரம் நம்மை நோக்கி முடுக்கத்துடன் வருவது காரணமாக இருக்கலாம் என்று வந்தது. வாஸ்ப்-12பியில் இப்படிப்பட்ட சந்தேகங்கள் 2020 வாக்கில் தீர்க்கப்பட்டுவிட்டன. இன்னொரு சந்தேகம், சுற்றுப்பாதையே மெல்லத் திசை மாறுகிறதோ என்பது. அப்படியானால், கோள் முன்னால் போகும் நேரமும் பின்னால் மறையும் நேரமும் எதிரெதிராக விலகும். இங்கே இரண்டுமே முந்துகின்றன. இதே வேகம் மாறாமல் நீடித்தாலும் கோளுக்கு மிச்சம் இருப்பது 32 லட்சம் ஆண்டு சொச்சம்தான். நெருங்க நெருங்க வேகம் கூடும் என்பதால் அதற்கு முன்பே முடியலாம்.

ஓசூர், கிருஷ்ணகிரி நகர வெளிச்சத்தில் இது நடக்குமா என்று கேட்கிறார்கள். நாங்கள் முயன்று பார்த்ததில்லை. பக்கத்து நட்சத்திரங்களோடு ஒப்பிட்டுத்தான் ஒளியை அளக்கிறோம் என்பதால், மொட்டை மாடியிலிருந்தும் முடியும் என்றே நினைக்கிறேன். சின்னத் தொலைநோக்கி வைத்திருப்பவர்களுக்கு வாஸ்ப்-12 மங்கலாக இருக்கும். அவர்கள் முதலில் எச்டி 189733பியை எடுக்கலாம். நட்சத்திரம் நல்ல பிரகாசம், கடப்பில் நூற்றுக்கு இரண்டு பங்குக்கு மேல் ஒளி குறைகிறது, செப்டம்பர் மாலைகளில் உயரத்தில் நிற்கும்.