கல்லடிக்கும் படுவான்கரைக்கும் நடுவே 150 சிசி பைக்: நீண்ட காலம் ஓடிப் பார்த்ததில்

மட்டக்களப்பில் பைக் வாங்கப் போகிறவர் முதலில் கேட்பது "எத்தனை சிசி?" அடுத்தது "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" இரண்டும் கேட்க வேண்டியவைதான். ஆனால் 2017இலிருந்து ஒரே பைக்கில் வேலைக்குப் போய்வருகிற எனக்கு, அந்த இரண்டையும் விடப் பெரிதாகப் படுவது பிரேக்கும் டயரும். எங்கள் வீதிகளில் குறுக்கே வருவது வாகனம் மட்டுமில்லை. மாடு, எருமை, காயப்போட்ட நெல், நெல்லை அள்ளிய பிறகு விட்டுப்போன கல், உள்ளே போனால் யானையும் உண்டு. நினைத்த இடத்தில் நிற்கிற பைக்தான் இங்கே நல்ல பைக்.

என்னுடையது யமஹா எஃப்இசட்-எஸ், இரண்டாவது வேர்ஷன். 149 சிசி, காற்றில் குளிரும் இன்ஜின், ஃபியூவல் இன்ஜெக்ஷன், ஐந்து கியர், 12 லீற்றர் டாங்கி, எடை 132 கிலோ. முன்னுக்கு டிஸ்க், பின்னுக்கு ட்ரம். மீற்றர் அறுபதாயிரம் கிலோமீற்றரைத் தாண்டிவிட்டது. கல்லடியில் வீடு, வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடம். ஆரையம்பதி வரை ஏ4 வீதி, அங்கிருந்து மண்முனைப் பாலம், கொக்கட்டிச்சோலை, அதற்கு அப்பால் காபட் போட்ட தார் வீதி முடிந்து கிரவல் வீதி. போக வர 50 கிலோமீற்றருக்குக் கிட்ட வரும். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும் வரை பாதையில், அதாவது ஆளையும் வாகனத்தையும் ஏற்றுகிற மிதவையில், பைக்கை ஏற்றித்தான் வாவியைக் கடக்க வேண்டியிருந்தது. பாலம் வந்த பிறகுதான் கிழக்குக் கரையான எழுவான்கரையில் இருந்துகொண்டு படுவான்கரையில் வேலை செய்கிற பலர் பெரிய பைக்கைப் பற்றி யோசிக்கவே தொடங்கினோம்.

100 சிசி ஏன் எடுக்கவில்லை என்று இன்றைக்கும் கேட்கிறார்கள். டவுனுக்குள் மட்டும் ஓடுகிறவருக்கு 100 சிசி போதும், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மார்க்கட், கோயில், பிள்ளையை ரியூஷனுக்கு விடுவது, இதற்கெல்லாம் 150 தேவையே இல்லை. வித்தியாசம் தெரிவது கச்சான் காற்று வீசுகிற மாதங்களில். மண்முனைப் பாலத்தில் ஏறியதும் வாவி மேலால் காற்று பக்கவாட்டில் அடிக்கும். பின்னால் ஒருவரும் இருந்தால் சின்ன பைக்கை நேர்கோட்டில் வைத்திருக்கவே கை வலிக்கும். 130 கிலோவுக்கு மேல் எடையும் அகலமான டயரும் உள்ள பைக் அந்தத் தள்ளலை அவ்வளவாகக் காட்டாது. பொத்துவிலுக்கோ வாகரைப் பக்கமோ போகும்போது 60, 70இல் இன்ஜின் கத்தாமல் ஓடுகிறது. மணிக்கணக்காக ஓடி இறங்கினாலும் கை அதிர்ந்து மரத்துப்போயிருக்காது.

200 சிசி? பல்சர் என்எஸ்200ஐ நண்பரிடம் வாங்கி ஓடியிருக்கிறேன். 23 குதிரைவலுவுக்கு மேல், ஆறு கியர், தண்ணீரில் குளிரும் இன்ஜின். அருமையான பைக். செங்கலடியிலிருந்து மகாஓயா வழியாகப் பதுளைக்கு ஏறுகிறவருக்கு அந்த வலு கைகொடுக்கும். மலை ஏறும்போது என் 149 சிசி மூச்சு வாங்குவது உண்மை, இரண்டு கியர் இறக்கித்தான் ஏற வேண்டும். 80க்கு மேல் போய்க்கொண்டிருக்கும்போது பஸ்ஸை முந்த நினைத்தாலும் நீண்ட வெறும் வீதி வேண்டும். ஆனால் மாதத்தில் எத்தனை முறை பதுளைக்குப் போகிறோம்? களுவாஞ்சிகுடியிலிருந்து கல்முனை, அக்கரைப்பற்று வரை ஊரோடு ஊர் ஒட்டிக் கிடக்கிறது. அந்த வீதியில் இருக்கிற வலுவைப் பாவிக்க இடமே கிடைக்காது.

இனி பிரேக். அறுவடைக் காலத்தில் மாலை ஆறரை மணி போல கொக்கட்டிச்சோலைப் பக்கமிருந்து வந்து பாருங்கள். வீதியின் பாதியில் நெல் காய்கிறது. அதன் ஓரத்தில் வாகனம் ஏறாமல் இருக்கக் கல்லும் கம்பும் வரிசையாக வைத்திருப்பார்கள். விவசாயியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, காயப்போட அவருக்கு வேறு களம் இல்லை. ஆனால் நெல்லை அள்ளிக்கொண்டு போகும்போது கல் சிலது அங்கேயே கிடந்துவிடும், சிந்திய நெல்லும் கிடக்கும். தார் மேல் கிடக்கிற நெல்மணியில் பிரேக் பிடித்தால் குண்டுமணி மேல் கால் வைத்த கதைதான். அந்த இடத்தில் பைக்கைக் காப்பாற்றியது முன் டிஸ்க் இல்லை, பின் டயர். 140/60-17 அளவு ரேடியல், சதுர மூக்கில்லாமல் வட்டமாகத் தரையோடு ஒட்டுகிறது. முன் பிரேக்கைப் பூப்போலத் தொட்டுக்கொண்டு, பாரத்தைப் பின்னுக்கு விட்டு, ஆடாமல் நிறுத்த முடிகிறது.

இருட்டில் எருமை வேறு கதை. மாடு படுத்திருந்தால் அதன் கண்ணாவது லைட்டில் மினுங்கும். எருமை வாலைக் காட்டிக்கொண்டு நின்றால் தாரும் அதுவும் ஒரே நிறம். ஊர் எல்லை தாண்டியதும் 50க்கு மேல் போவதில்லை என்று வைத்திருக்கிறேன். முன் பிரேக் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் லைட் எட்டுகிற தூரத்துக்குள் நிற்க முடியாத வேகம் வேகமே இல்லை.

புதிதாகவோ பழையதாகவோ எடுக்கிறவர்கள், பிரேக்கை இறுக்கினாலும் சில்லு பூட்டிக்கொள்ளாமல் பார்க்கிற ஏபிஎஸ் உள்ளதா என்று பாருங்கள். இந்தியாவில் 2019 ஏப்ரலிலிருந்து 125 சிசிக்கு மேற்பட்ட பைக் எல்லாவற்றுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். ஆனால் அது அந்த நாட்டுச் சட்டம். இங்கே கடையில் நிற்பதில் இருக்கிறதா என்று கேட்டு நம்ப வேண்டியதில்லை, குனிந்து முன் சில்லைப் பார்க்கலாம். டிஸ்க்கோடு சேர்த்து, சின்னச் சின்னத் துளைகள் வெட்டிய இன்னொரு மெல்லிய வளையம் இருக்கும். அதன் பக்கத்தில் ஒரு வயர் போய்ச் சேரும். இருந்தால் ஏபிஎஸ், இல்லாவிட்டால் இல்லை. என்னுடையதில் இல்லை. அடுத்த முறை வாங்கினால் இது இல்லாத பைக்கை நான் தொடமாட்டேன்.

பெற்றோல் கணக்குக்கு வருவோம். என் ஓட்டத்தில் லீற்றருக்கு 45 கிலோமீற்றர் கிடைக்கிறது. காபட்டில் நிதானமாகப் போனால் கொஞ்சம் கூடும், கிரவலில் குறையும். 2022இல் பெற்றோல் தட்டுப்பாட்டால் கியூஆர் பங்கீட்டு முறை வந்து பைக்குக்கு வாரத்துக்கு 4 லீற்றர் என்று ஆனபோது இந்தக் கணக்கு நெஞ்சில் இடித்தது. 4 லீற்றருக்கு 180 கிலோமீற்றர். ஐந்து நாள் வேலைக்குப் போய்வர 250 வேண்டும். அதே நேரம் லீற்றருக்கு 65 ஓடுகிற 100 சிசிக்காரர் 260 கிலோமீற்றர் ஓடி வாரத்தை முடித்துவிட்டார். அந்த மாதங்களில் சக ஆசிரியர் ஒருவரின் சிடி100இல் பின்னால் ஏறிப் போனேன், அவருக்கு இன்றைக்கும் நன்றி. 150 எடுக்கிறவர் இந்தக் கணக்கைத் தன் தூரத்துக்குப் போட்டுப் பார்த்துவிட்டு எடுக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் இன்னொன்றும் தெரிந்தது. ஃபியூவல் இன்ஜெக்ஷன் பைக்குக்குப் போத்தல் பெற்றோல் ஆகாது. கையில் கிடைத்த போத்தலில் தண்ணீரோ மண்ணெண்ணெயோ கலந்திருந்தால் காபுரேட்டர் பைக்காரர் கிண்ணத்தைக் கழற்றித் துடைத்துவிட்டுப் போய்விடுவார். எங்களுக்குப் பம்ப் டாங்கிக்குள்ளே இருக்கிறது. அந்தப் பம்பைக் குளிர வைப்பதும் பெற்றோல்தான், அதனால் டாங்கியைக் காயவிட்டு ஓடுவதும் அதற்குக் கேடு. திருப்பிவிட ரிசர்வ் கிடையாது. மீற்றரில் கடைசிக் கட்டை மினுங்கத் தொடங்கினால் அடுத்த பெற்றோல் ஷெட்டில் அடித்துவிடுவேன். பற்றரியையும் கவனிக்க வேண்டும். இதற்குக் கிக்கர் இல்லை. பற்றரி முழுதாக இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்வதும் பாடு, ஏனென்றால் பம்புக்கும் கரண்ட் வேண்டும். மற்றபடி இன்ஜெக்ஷனில் எனக்குக் குறையில்லை. மாரி காலக் காலையில் ஒரே அமத்தலில் ஸ்டார்ட் ஆகிறது.

உப்புக்காற்றைப் பற்றி எழுதாமல் கடற்கரை ஊர்க்காரரின் அனுபவம் முழுமையாகாது. கல்லடியில் ஒரு பக்கம் கடல், மறு பக்கம் வாவி. வெளியே நிறுத்துகிற பைக்கில் முதலில் துருப்பிடிப்பது செயினின் பக்கத் தகடு, அடுத்தது சைலன்ஸரை இன்ஜினோடு பூட்டுகிற நட்டு, அப்புறம் ஸ்டாண்டின் ஸ்பிரிங். எந்தக் கொம்பனி பைக்கும் இதற்குத் தப்பாது. என் மெக்கானிக் வயதானவர், தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார்: "மனே, செயினுக்குச் சும்மா மேலால ஒயில் ஊத்தாதீங்க. மண்ணெண்ணெயில கழுவி, துடைச்சி, காயவிட்டு, மறுகா போடுங்க." காரணம் எளிது. கிரவல் தூசியோடு ஒயில் சேர்ந்தால் அரைக்கிற மாவாகிவிடும், செயினும் ஸ்புரொக்கெட்டும் சேர்ந்தே தேயும். அவர் சொன்னபடி இரண்டு கிழமைக்கு ஒருமுறை கழுவுகிறேன். செயினின் கீழ்ப்பக்கத்தை விரலால் தூக்கினால் இரண்டு விரல் அகலத்துக்கு ஆடலாம், அதற்கு மேல் ஆடினால் இழுக்க வேண்டும். சைலன்ஸர் நட்டுக்கு வருடத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கிரீஸ் வைத்துவிட்டால் பிறகு கழற்றும்போது முறியாது. அலோய் சில்லு என்பதால் கம்பி துருப்பிடிக்கிற தொல்லை இல்லை. ரியூப் இல்லாத டயரில் முள் ஏறினாலும் காற்று மெதுவாகத்தான் இறங்கும், கொக்கட்டிச்சோலை வரை வந்து ஒட்டலாம்.

ஒயிலை மூவாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறை மாற்றுகிறேன், ஒரு லீற்றர் போத்தல் ஒன்று போதும். எயார் ஃபில்டரைப் புத்தகத்தில் சொன்னதற்கு முந்தியே மாற்ற வேண்டிவருகிறது, கிரவல் தூசிதான் காரணம். பின் டயர் விலை கூட. 100 சிசி டயரின் விலையோடு ஒப்பிட்டால் நெஞ்சு திடுக்கிடும், வாங்கும்போதே மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

மாரிக்கு ஒரு வார்த்தை. கார்த்திகை, மார்கழியில் வயலோர வீதிகளில் தண்ணீர் குறுக்கே ஓடும். கிரான் பக்கம் பாலமே மூழ்கிப் படகில் போகிற நாட்களும் உண்டு. தேங்கி நிற்கிற தண்ணீரென்றால் முதல் கியரில், திரொட்டிலை விடாமல், ஒரே சீராகப் போகலாம். ஏறிய பிறகு கொஞ்சத் தூரம் பிரேக்கை மெல்ல அமத்திக்கொண்டு ஓடினால் ட்ரம்முக்குள் போன ஈரம் காய்ந்துவிடும். ஓடுகிற தண்ணீரென்றால் 150 என்ன, எதைக் கொண்டும் இறங்கக் கூடாது. 2024 நவம்பரில் காரைதீவு - மாவடிப்பள்ளி வீதியில் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் கொண்டுபோனது. அன்றையிலிருந்து தண்ணீர் ஓடுகிற வீதியைக் கண்டால் பைக்கைத் திருப்பிவிடுகிறேன். பள்ளிக்கு அறிவித்தால் புரிந்துகொள்வார்கள்.

வீட்டுத் தேவை என்று பார்த்தால் இந்த வகைப் பைக்குகளில் பின் சீற் சின்னது, உயரம். சேலையோடு ஏறி இறங்க என் மனைவிக்குச் சிரமம்தான். டாங்கி சரிந்து இருப்பதால் முன்னுக்கு அரிசி மூட்டை வைக்க முடியாது. படுவான்கரையிலிருந்து தயிர் முட்டி கொண்டுவருவதென்றால் பின் சீற்றில் கட்டி, மேடு பள்ளம் பார்த்து ஊர்ந்து வர வேண்டும். குடும்பப் பாவனைதான் முதல் தேவை என்றால் நீளமான ஒற்றைச் சீற் உள்ள பல்சர் 150 பொருத்தம். டாங்கியும் 15 லீற்றர், உதிரிப்பாகம் சந்திக்குச் சந்தி கிடைக்கும். எடைதான் 144 கிலோ, ஒல்லியான ஆளுக்கு மணலில் ஸ்டாண்ட் போடுவது கொஞ்சம் கடினம்.

2020இல் வாகன இறக்குமதி நின்ற பிறகு பழைய பைக்குகளின் விலை ஏறிய ஏற்றம் எல்லோருக்கும் தெரியும். 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டாலும் வரியோடு புதியது வாங்குவது எல்லோருக்கும் முடிகிற காரியமில்லை. ஆகவே பழையது எடுக்கிறவர்களுக்கு: கடற்கரையில் ஓடிய பைக்கென்றால் பெயின்ட் பளபளப்பைப் பார்க்காமல் சீற்றைக் கழற்றி உள்ளே சட்டத்தின் மூட்டுகளைப் பாருங்கள், உப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும். இன்ஜின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் போய்ச் சேரும்போதே சூடாக இருந்தால் ஒரு மணித்தியாலம் கழித்து வருகிறேன் என்று சொல்லுங்கள். லைசன்ஸில் ஏ1 மட்டும் இருந்தால் அது 100 சிசி வரைக்கும்தான், 150 ஓட ஏ வகுப்பு வேண்டும்.

கடைசியாகப் பேப்பர். பெயர் மாற்றாமல் ஓபன் பேப்பரில் கைமாறிக் கைமாறி வந்த பைக்கை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் எடுக்காதீர்கள். வாகனப் பதிவுப் புத்தகத்தில் பெயருள்ளவரை நேரில் பார்த்து, லீசிங் முடிந்த கடிதத்தையும் கையில் வாங்கி, சேஸி இலக்கத்தைத் துணியால் துடைத்துப் புத்தகத்தோடு ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிட்டுப் பார்த்த பிறகு காசைக் கொடுங்கள்.