விம் எடிட்டரின் குயிக்ஃபிக்ஸ்: எனக்கு ஒத்துவந்த கதை

பழைய சி நிரல் ஒன்றைத் தூசி தட்டினேன். கம்பைல் செய்தால், அதாவது கணினி இயக்கக்கூடிய வடிவத்துக்கு மாற்றினால், 43 பிழைகள். முன்பெல்லாம் டெர்மினலில் வரி எண்ணைப் பார்த்து எடிட்டருக்கு வருவதற்குள் எண் மறந்துபோகும். பிழைகளைப் பட்டியலாக்கி அந்தந்த வரிக்கே கூட்டிப்போகும் குயிக்ஃபிக்ஸ் வசதியைப் பழகியபின் அந்த அலைச்சல் இல்லை. விம்முக்குள்ளேயே கம்பைல் செய்யவைக்கும் மேக் (:make) கட்டளையைக் கொடுத்தால் கர்சர் நேராக முதல் பிழையில் போய் நிற்கிறது. சிஎன் (:cn) அடித்தால் அடுத்தது, சிபி (:cp) அடித்தால் முந்தையது. சிஓபன் (:copen) அடித்தால் கீழே 10 வரி உயரத்தில் பட்டியல் விரியும். வேண்டிய வரியில் என்டர் தட்டினால் சரி. (43-இல் பாதிக்குமேல் ஒரே ஒரு விட்டுப்போன அரைப்புள்ளி பெற்ற பிள்ளைகள்!)

அமிகா கணினிக்கான ஆஸ்டெக் சி கம்பைலரைப் பார்த்து எழுந்த யோசனையாம் இது. வயசானாலும் கெட்டி. கடைசி 10 பட்டியல்களை நினைவில் வைத்திருக்கிறது; நடுவில் வேறு எதையாவது தேடிவிட்டாலும் சிஓல்டர் (:colder) கொடுத்துப் பழையதற்குத் திரும்பலாம்.

தலைவலி, பிழைச் செய்தி எந்த வடிவில் வரும் என்று விம்முக்குச் சொல்லும் எரர்ஃபார்மட் அமைப்புதான். நானே எழுதிய சோதனைக் கருவியின் பிழைச் செய்தியை விம்முக்குப் புரியவைக்க, சதவீதக் குறிகளோடும் பின்சாய்வுகளோடும் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க மல்லுக்கட்டினேன். தட்டச்சும்போதே பிழைக்குக் கீழே சிவப்புக்கோடு வேண்டும் என்பவர்களுக்கு குயிக்ஃபிக்ஸ் மட்டும் போதாது. நான் சிஎன்னை எஃப்8 விசையில் போட்டுவிட்டேன், அப்புறம் வேறு எதையும் தேடவில்லை.