நான்கு பேர், 38 அடிப் பாய்மரப் படகு, நான்கு ஆண்டுகள்

மலேசியாவின் லங்காவித் தீவில் வாங்கிய பழைய பாய்மரப் படகில் மனைவியோடும் இரண்டு பிள்ளைகளோடும் நான்கு ஆண்டுகள் வசித்துவிட்டு, மகளின் பத்தாம் வகுப்புக்காக ராயபுரத்து வீட்டுக்குத் திரும்பியிருக்கிறோம். சென்னைத் துறைமுகத்துக்குள் 1911 முதல் இயங்கும் பாய்மரப் படகுக் கழகம் இருந்தாலும், குடும்பத்தோடு தங்கும் படகை அங்கே தேட முடியாது. ஆகவேதான் நெடுந்தூரப் பயணிகள் தம் படகுகளை விற்கும் லங்காவிக்குச் சென்றோம்.

பதினாறு ஆண்டுகள் சரக்குக் கப்பல்களின் எஞ்சின் அறையில் வேலை செய்தவன் என்பதால், படகுக்குப் புயலைத் தாங்கும் உடலும் பழுதில்லாத எஞ்சினும் இருந்தால் போதும் என்று எண்ணியிருந்தேன். அவை வேண்டும்தான். ஆனால் எங்கள் பயணக் குறிப்பேட்டின்படி நான்கு ஆண்டுகளில் பாய் விரித்து ஓடியவை 143 நாட்களே; மற்ற நாட்களெல்லாம் படகு நங்கூரத்தில் நின்றது. வசிப்பதற்கான படகை அந்த நிற்கும் நாட்களை வைத்தே தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதை என் மனைவி முதல் நாளே உணர்ந்திருந்தார். பார்க்கப்போன ஒவ்வொரு படகிலும் உள்ளே வெக்கை தாங்குமா, காற்று வருமா என்று பார்க்க, பகல் இரண்டு மணிக்கு ஒரு மணி நேரம் உள்ளே உட்காருவோம் என்றார். விலை குறைந்த, பார்க்க அழகான இரண்டு படகுகளை அந்த ஒரு மணி நேரம் நிராகரித்தது. வாங்கிய படகில் மேல்தளத்தில் ஹேட்ச்கள், அதாவது மூடியுள்ள திறப்புகள், எட்டு இருந்தன. நங்கூரத்தில் நிற்கும் படகு தானாகவே காற்றை நோக்கித் திரும்பும் என்பதால், அணியத்தில், அதாவது படகின் முன்பக்கத்தில், உள்ள ஹேட்ச்சைத் திறந்தால் காற்று படகின் முழு நீளத்துக்கும் ஓடும். படகுத்துறையில் கட்டிவைத்தால் அந்த வசதி போய்விடும்.

விலை பேசுவதற்கு முன் மேல்தளத்தைத் தட்டிப் பார்ப்பது அவசியம். பல பைபர் படகுகளின் மேல்தளத்தில் இரண்டு பைபர் அடுக்குகளுக்கு நடுவே பால்சா மரம் இருக்கும். திருகாணித் துளை வழியாக மழைநீர் இறங்கினால் அது உள்ளேயே உளுத்துவிடும். காசிமேட்டில் பைபர் படகு பழுதுபார்க்கும் என் பெரியப்பா கைப்பேசிக் காணொளியில் ஓசையைக் கேட்டுக்கொண்டே, "அங்கேயே நில்லுப்பா, இன்னொரு தரம் தட்டு" என்று பாய்மரத்தின் அடியில் நிறுத்தினார். மற்ற இடங்களில் கணீரென்று ஒலித்தது அங்கே மட்டும் தொப்பென்று விழுந்தது. ஈரம் அளக்கும் கருவியோடு வந்த ஆய்வாளரும் அந்த இடத்தையே உறுதிப்படுத்தியதால் விலை குறைந்தது. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கயிறுகள் பதினைந்து ஆண்டுகளைக் கடந்திருந்ததால், வெளியே பழுது தெரியாதபோதும் அனைத்தையும் மாற்றினோம்.

இரட்டை உடல் கொண்ட கட்டமரான் சாயாது, இடமும் தாராளம். அதன் விலை எங்களுக்கு எட்டவில்லை. அணியத்துப் பெரிய படுக்கை ஓடும்போது தூக்கிப் போடும் என்பதால், பிள்ளைகள் நடுப்பகுதி இருக்கைகளில் தடுப்புத் துணி கட்டித்தான் உறங்கினார்கள்.

தண்ணீர்தான் எங்களுக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயமாக இருந்தது. தண்டையார்ப்பேட்டையில் மெட்ரோ தண்ணீர் லாரிக்குக் குடம் வரிசைபோட்டு வளர்ந்த என் மனைவி, 360 லிட்டர்த் தொட்டியை 24 குடம் என்றே கணக்கிட்டார். கடலில் குளித்து நல்ல தண்ணீரில் உடலை அலசிக்கொண்டு, பாத்திரங்களையும் முதலில் கடல்நீரில் கழுவினால், நால்வருக்கும் ஒரு நாளைக்கு ஒன்றரைக் குடம் போதுமானதாக இருந்தது. அப்படிப் பதினாறு நாட்கள் தாங்கும். திறந்தால் கொட்டும் மின்பம்பை நிறுத்திவிட்டு, சமையலறைக் குழாய்க்குக் காலால் மிதிக்கும் பம்பு பொருத்தியதுதான் நாங்கள் செய்த மாற்றங்களில் மிகச் சிறந்தது. நம் வீட்டு அடிபம்பைப் போலவே உழைத்த அளவுக்கே தண்ணீர் வரும். இரண்டாம் ஆண்டில் கடல்நீரைக் குடிநீராக்கும் சிறு கருவியும் வாங்கினோம். மீஞ்சூர் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் முறைதான் அதற்கும்: உயர் அழுத்தத்தில் கடல்நீரைச் சவ்வின் வழியே தள்ளுகிறது. எண்ணெய் பட்டால் அந்தச் சவ்வு கெட்டுவிடும். 2017 சனவரியில் எண்ணூரில் கப்பல்கள் மோதிக் கரையெல்லாம் எண்ணெய் படிந்ததைப் பார்த்த எனக்கு, துறைமுகத்துக்குள் அதை இயக்க ஒருபோதும் மனம் வரவில்லை.

தொட்டியைப் பொறுத்தவரை நான் செய்த பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். தொட்டி நல்ல நிலையில் இருப்பதாக விற்பனை முகவர் எழுதிக் கொடுத்ததை நம்பிவிட்டேன். மூன்றாம் ஆண்டில் பற்றவைப்பு விட்டுக் கசிந்தபோதுதான், மேல்தளம் மூடுவதற்கு முன்பே அந்த எஃகுத் தொட்டியை உள்ளே இறக்கியிருந்தார்கள் என்பது தெரிந்தது. எந்தக் கதவு வழியாகவும் அது வெளியே வராது. மேசையைக் கழற்றி, தொட்டியை நான்கு துண்டுகளாக அறுத்து எடுக்கப் பதினொரு நாட்கள் பிடித்தன. இப்போது அந்த இடத்தில் மூன்று பிளாஸ்டிக் தொட்டிகள், மொத்தம் 285 லிட்டர், தனித்தனி வால்வுகளோடு இருக்கின்றன; ஒன்று கெட்டாலும் மற்ற இரண்டின் தண்ணீர் தப்பும். படகு பார்க்கச் செல்பவர்கள் அளவு நாடா ஒன்றைக் கையில் கொண்டுபோய், தொட்டியை முதலிலும் வாசலை அடுத்ததாகவும் அளந்துகொள்ளுங்கள்.