ஒரு பவுன் மோதிரமும் ஒரு கோப்பைத் தண்ணீரும்: மூன்று சோதனை முறைகள்

ஒரு பொருள் திரவத்தில் முழுவதும் மூழ்கும்போது தன் கன அளவுக்குச் சமமான திரவத்தை விலக்குகிறது. விலக்கப்பட்ட திரவத்தின் எடை எவ்வளவோ அவ்வளவு விசையுடன் அது மேல்நோக்கித் தள்ளவும் படுகிறது. தங்கத்தின் தரத்தைத் தண்ணீரைக் கொண்டு அறியும் முறைகளில் சில முதலாவதை அளக்கின்றன, சில இரண்டாவதை அளக்கின்றன.

வழிந்த நீரை அளப்பதே எல்லோரும் அறிந்த முறை. சிரக்யூஸ் மன்னர் இரண்டாம் ஹியரானின் பொன் மகுடத்தை ஆர்க்கிமிடீஸ் சோதித்த விதமாக ரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ் எழுதிவைத்ததும் இதுதான். கதையாகக் கேட்க நன்றாக இருக்கிறது. கணக்குப் போட்டால்தான் இடிக்கிறது. மகுடம் 1 கிலோ என்று கொண்டால், சுத்தத் தங்கம் சுமார் 52 கன செ.மீ. நீரை விலக்கும், பத்தில் மூன்று பங்கு வெள்ளி கலந்திருந்தால் சுமார் 65 கன செ.மீ. விலக்கும். இந்த 13 கன செ.மீ. வித்தியாசம், 20 செ.மீ. விட்டமுள்ள பாத்திரத்தின் நீர்மட்டத்தில் அரை மில்லிமீட்டர்கூட வராது. வழியாமல் விளிம்புக்கு மேலே நீர் பிதுங்கி நிற்கும் உயரமே அதைவிட அதிகம். பள்ளி ஆய்வகத்தில் கூழாங்கல்லின் கன அளவைக் காண அளவு ஜாடி போதும். 8 கிராம் எடையுள்ள 22 காரட் மோதிரமோ ஏறத்தாழ 0.45 மி.லி. நீரையே விலக்கும் என்பதால், 1 மி.லி. கோடுகள் இட்ட ஜாடியில் அதை ஊகிக்கத்தான் முடியும்.

கலிலியோ 1586-இல், தமது 22-ஆம் வயதில், தராசை முன்வைத்தார். எளிய வடிவில் சொன்னால், மகுடத்தை ஒரு பக்கமும் அதே எடையுள்ள தங்கத்தை மறுபக்கமும் தொங்கவிட்டு இரண்டையும் நீரில் அமிழ்த்தினால், முன்சொன்ன வித்தியாசம் 13 கிராம் சாய்வாக வெளிப்படும். அதை மளிகைக் கடைத் தராசே காட்டிவிடும். அவரது முறையில் பொருளை மட்டும் நீரில் அமிழ்த்தி, மறுபக்க எடையை நகர்த்திச் சமன் செய்ய வேண்டும்; நகர்ந்த தூரத்தை அளக்க அவர் தராசுக் கோலில் மெல்லிய கம்பியை நெருக்கமாகச் சுற்றினார். கண்ணால் எண்ண இயலாத அச்சுற்றுகளைக் கூரிய முனையால் உரசி, ஒலியைக் கேட்டு எண்ணலாம் என்றார். மூன்றில் நுட்பமானது இதுவே, ஆனால் வீட்டில் அமைப்பது தொல்லை.

வீட்டுக்கு ஏற்றது மூன்றாவது முறை. 0.01 கிராம் வரை காட்டும் மின்னணுத் தராசில் நீர் நிரம்பிய கோப்பையை வைத்து, அளவைப் பூஜ்யமாக்கி, மோதிரத்தை நூலில் கட்டி அடியைத் தொடாமல் அமிழ்த்த வேண்டும். நீர் மோதிரத்தை மேலே தள்ளும் அதே விசை கோப்பையைக் கீழே அழுத்துவதால், தராசு 0.45 என்று காட்டும். 8-ஐ அதனால் வகுத்தால் 17.8 என்ற அடர்த்தி கிடைக்கும். மோதிரம் அடியைத் தொட்டாலோ எண் விறுவிறுவென ஏறிவிடும். கடைசி இலக்கம் ஒன்று மாறினாலும் விடை இரண்டு சதவீதம் நகரும். ஆகவே 22 காரட்டையும் 18 காரட்டையும் பிரித்தறியலாம், 22-ஐயும் 21-ஐயும் பிரித்தறிய முடியாது. உட்புறத்தில் 4 மி.மீ. குமிழி ஒன்று ஒட்டியிருந்தால் அடர்த்தி 16.5-க்கு இறங்கி, நல்ல நகையின் மேல் பழி விழும். கொதிக்கவைத்து ஆறவைத்த நீரில் ஒரு சொட்டு சோப்புக் கரைசல் சேர்ப்பது இதற்குப் பரிகாரம்.

கல் பதித்த நகைக்கும் உள்ளே அரக்கு அடைத்த நகைக்கும் இம்மூன்றும் பயன்படா. தங்கத்தின் அடர்த்தி 19.3, டங்ஸ்டன் என்ற உலோகத்தின் அடர்த்தி 19.25; எனவே டங்ஸ்டனை உள்ளே வைத்துத் தங்கத்தால் போர்த்திய கட்டியை எந்தத் தண்ணீரும் காட்டிக்கொடுக்காது.