கழற்றிப் பூட்டும் மண்டபமா, நிலையான மண்டபமா?

எங்கள் சனசமூக நிலையத்தில் கண்காட்சி மண்டபக் கதை எழுந்ததிலிருந்து எல்லோருக்கும் இதே குழப்பம்தான்.

இடமாற்றம்: 1851இல் லண்டன் ஹைட் பார்க்கில் ஜோசப் பாக்ஸ்டன் என்பவர் இரும்பும் கண்ணாடியுமாக எழுப்பிய கிரிஸ்டல் பேலஸ் என்ற கண்காட்சி மண்டபத்தைக் கழற்றி, லண்டனின் சிடனம் பகுதியில் இன்னும் பெரிதாக்கி 1854இல் திறந்தார்கள். கனடாவின் மொன்றியலில் 1967 உலகக் கண்காட்சிக்கு பக்மின்ஸ்டர் புல்லர் என்ற வடிவமைப்பாளர் அமைத்த அமெரிக்க மண்டபம், சுமார் 76 மீட்டர் விட்டமுள்ள உருண்டை, நட்ட இடத்திலேயே நிற்கிறது.

தீ: பேலஸ் 1936இல் எரிந்தே போனது. உருண்டைக்கு 1976இல் அக்ரிலிக் பிளாஸ்டிக் போர்வை மட்டும் போனது, உருக்குக் கூடு தப்பியது, 1995இல் அது சுற்றுச்சூழல் அருங்காட்சியகமானது. எனக்கு இது பெரிய விசயம்.

பராமரிப்பு: இங்கே கட்டினால் இரண்டு வகைக்கும் உப்புக்காற்றுதான் எதிரி, பூச்சு கட்டாயம்.

சரி, முற்றவெளியில் வருடத்துக்குச் சில நாள் என்றால் கழற்றிப் பூட்டுவதே போதும். வாசிகசாலை, வகுப்பு என்று வருடம் முழுக்கப் புழங்குவதென்றால் நிலையானதைக் கட்டுங்கள்.