பத்தாம் வகுப்புக்குப் பின்: பாலிடெக்னிக்கா, பிளஸ் டூ வழியாகப் பொறியியலா?

குடியாத்தம், ஆம்பூர், ராணிப்பேட்டை என்று எங்கள் பக்கத்தில் எந்த ஊரை எடுத்துக்கொண்டாலும், பத்தாம் வகுப்பில் ஓரளவு நல்ல மதிப்பெண் பெற்ற பிள்ளையைப் பிளஸ் ஒன் கணிதப் பிரிவில் சேர்ப்பதே முறை என்றும், மதிப்பெண் குறைந்தவர்களுக்கே பாலிடெக்னிக் என்றும் ஓர் எண்ணம் உறுதியாக இருக்கிறது. நல்ல மதிப்பெண் எடுத்த எங்கள் மகனை வேலூர் தொரப்பாடியில் உள்ள அரசு பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் பட்டயப் படிப்பில் சேர்த்தோம். ஆகவே இந்த ஒப்பீட்டில் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

செலவைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் ஆண்டுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான். தனியார் பொறியியல் கல்லூரியின் கட்டணம் எவ்வளவு என்பதை எல்லோரும் அறிவர். அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைகளுக்குப் புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்களின் மாதம் 1,000 ரூபாய் இரண்டு வழிகளிலுமே கிடைக்கும்.

என்னை முடிவெடுக்க வைத்தது ஆண்டுக் கணக்கு. பிளஸ் டூவுக்கு 2 ஆண்டு, பொறியியலுக்கு 4 ஆண்டு, ஆக 6. பட்டயப் படிப்புக்கு 3 ஆண்டு, அதை முடித்தவர் பொறியியலில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேர்ந்தால் இன்னொரு 3 ஆண்டு, அதுவும் 6. பட்டம் கைக்கு வரும் வயது ஒன்றுதான். ஆனால் நெசவு, தோல் தொழிற்சாலைக் கூலி, சிறு கடை ஆகியவற்றை நம்பிப் பிழைக்கும் குடும்பங்களில் அப்பாவின் உடல்நலமோ அக்காவின் திருமணமோ படிப்பை எந்த ஆண்டிலும் நிறுத்திவிடக்கூடும். பொறியியல் இரண்டாம் ஆண்டில் நின்றுபோன பிள்ளையின் கையில் பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலும் சில அரியர் தாள்களும் மட்டுமே இருக்கும். பட்டயப் படிப்பை முடித்துவிட்டு நிற்கும் பிள்ளையிடமோ 18 வயதிலேயே வேலைக்குப் போகத் தகுந்த ஒரு சான்றிதழ் இருக்கும்; ராணிப்பேட்டை சிப்காட் தொழிற்சாலைகளில் விண்ணப்பிக்கலாம், பெல் நிறுவனம் போன்ற இடங்களில் உதவித்தொகையுடன் ஓராண்டு தொழில் பழகுநர் பயிற்சிக்கு முயலலாம், வீட்டு நிலை சரியான பிறகு பொறியியலுக்கும் திரும்பலாம். நடுவில் இறங்கவும் இடம் தந்து, தொடர விரும்புவோரைக் கடைசிவரை கொண்டுசேர்க்கும் வழி என்பதால்தான் இதை நான் மேலாகக் கருதுகிறேன்.

குறையும் உண்டு. நேரடியாக இரண்டாம் ஆண்டில் நுழைபவருக்குக் கணிதம் கடினமாக இருக்கிறது. முதலாண்டுக் கணிதத்தை மற்றவர்கள் கல்லூரியிலேயே படித்திருக்க, இவர் அதைத் தானாகப் படித்து ஈடுகட்ட வேண்டும். என் அனுபவம் இயந்திரவியலோடு நின்றுவிடுவதால், கணினித் துறையிலும் இந்தக் கணக்கு இதே அளவுக்குப் பொருந்தும் என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

இதைவிடப் பெரிய குறை, 15 வயதிலேயே துறையைத் தேர்ந்தெடுக்க வேண்டியிருப்பது. சி.எம்.சி. மருத்துவமனையைப் பார்த்து வளர்ந்த வேலூர்ப் பிள்ளைகளில் பலருக்குச் செவிலியர் படிப்பிலோ ஆய்வகத் தொழில்நுட்பத்திலோ ஆசை இருக்கும். அவற்றுக்கும் நீட் தேர்வுக்கும் பிளஸ் டூ அறிவியல் கட்டாயம். மனம் இன்னும் ஒரு பக்கம் நிலைகொள்ளாத பிள்ளையைப் பாலிடெக்னிக்கில் சேர்க்க அவசரப்பட வேண்டாம்; அவர்களுக்குப் பிளஸ் டூவே சரி.

பிளஸ் டூவோடு படிப்பை நிறுத்தி ஆம்பூர் ஷூ கம்பெனிக்கு வேலைக்குப் போவதா என்று தயங்கும் வீடுகளும் உண்டு. கணிதமும் அறிவியலும் படித்தவராயினும் தொழிற்பிரிவில் படித்தவராயினும், பிளஸ் டூ முடித்தவர் பட்டயப் படிப்பின் இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்ந்து இரண்டே ஆண்டுகளில் முடித்துவிடலாம் என்பதை அவர்களில் பலர் அறிந்திருக்கவில்லை. வேலைக்கு அனுப்பும் முன் அருகிலுள்ள அரசு பாலிடெக்னிக்கிற்கு ஒருமுறை நேரில் சென்று, இந்தச் சேர்க்கைக்கு எப்போது விண்ணப்பம் தருகிறார்கள் என்று கேட்டு வாருங்கள்.